பூஜ்யத்தின் மேல் ஒரு பொட்டு

ஆகஸ்ட் 11, ஞாயிறு

எடையையும் சாப்பிடுவதையும் தினமும் எழுதி வைக்க வேண்டும் என்று ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்டார்கள். மாட்டுத் தீவனக் கம்பெனி பொங்கலுக்குக் கொடுத்த டைரி பிரிக்காமல் கிடந்தது. முதல் பக்கத்தில் பெயர், வயது, இரத்த வகை என்று கோடு போட்டிருந்தார்கள். வசந்தாமணி, நாற்பத்தேழு, ஓ பாசிட்டிவ் என்று நிரப்பினேன். அந்த மூன்றாவது விவரத்தால்தான் எனக்கு இப்போது இவ்வளவு மரியாதை.

தம்பி பூபதிக்கு ஈரல் கெட்டுப்போய்விட்டது. குடியால் இல்லை. கேட்கிறவர்கள் எல்லோரும் முதலில் அதைத்தான் கேட்கிறார்கள், அதனால் டைரிக்கும் சொல்லி வைக்கிறேன். என்றோ உடம்பில் புகுந்த கிருமி பல வருஷமாக அரித்திருக்கிறது. இனி மருந்து கேட்காது, வேறு ஈரல் வைக்க வேண்டும். சொந்தத்தில் ஒருவர் தன் ஈரலில் ஒரு பகுதியை அறுத்துக் கொடுக்கலாமாம். அவன் மனைவி ரேணுகாவுக்கு இரத்தம் பொருந்தவில்லை. மகள் தாரணிக்குப் பதினான்கு வயது. மிச்சம் நான்.

என் வயிற்றைப் படம் எடுத்துப் பார்த்த டாக்டர், "ஈரல்ல கொழுப்பு படிஞ்சிருக்கும்மா. எழுபத்தொம்பது கிலோ இருக்கீங்க. எழுபதுக்கு வாங்க, மறுபடி ஸ்கேன் எடுத்துப் பாக்கலாம். சீக்கிரம் வரணும், தம்பியால ரொம்ப நாள் தாங்க முடியாது" என்றார். இருபது வருஷமாகப் பால் சங்கத்தில் உட்கார்ந்து, கொழுப்பு அதிகமுள்ள பாலுக்கு அதிக விலை எழுதிக்கொண்டிருக்கிறேன். கொழுப்பு வேண்டாம் என்று ஒருவர் சொல்லிக் கேட்பது இதுதான் முதல் தடவை.

ஆகஸ்ட் 13, செவ்வாய்

வீட்டில் எடை பார்க்க ஒரு தராசு வேண்டும். வாரா வாரம் கோயம்புத்தூர் ஆஸ்பத்திரிக்குப் போய் வர முடியாது. சங்கத்தில் பால் கேன் நிறுக்கும் மேடை இருக்கிறதே என்று, மதியம் யாரும் இல்லாத நேரம் பார்த்து ஏறி நின்றேன். எண் காட்டும் பெட்டி வெளிச்சுவரில் இருக்கிறது. பால் ஊற்றுகிறவர்களுக்குத் தெரிய வேண்டும் என்று நான்தான் நிர்வாகக் குழுவோடு மல்லுக்கட்டி அங்கே மாட்ட வைத்தேன். புல்லுக்கட்டோடு அந்தப் பக்கம் போன மாராத்தாள் நின்று அண்ணாந்து பார்த்துவிட்டு, "ஏனுங் அம்மணி, எத்தன லிட்டரு தேறும்?" என்றாள். பால் பரிசோதிக்கும் துரைசாமி சிரிப்பை அடக்கிக்கொண்டு உள்ளே போனார். இனி அந்த மேடையில் ஏறுவதாக இல்லை.

ஆகஸ்ட் 15, வியாழன்

கோபி பஸ் நிலையத்தில் காசு போடும் எடை மிஷின். எண்பத்தொன்று காட்டியது. சீட்டின் பின்பக்கம், "உங்களுக்கு விரைவில் நல்ல துணை அமையும்." இரண்டிலும் எனக்கு நம்பிக்கை இல்லை.

ஆகஸ்ட் 18, ஞாயிறு

ரேணுகா கூரியரில் ஒரு தராசு அனுப்பியிருக்கிறாள். கண்ணாடிப் பலகை, ஓரத்தில் நீல வெளிச்சம். போனோடு இணைத்தால் தண்ணீர் எவ்வளவு, எலும்பு எவ்வளவு என்றெல்லாம் சொல்லுமாம். முன்னறையில் வைத்து ஏறினேன், எழுபத்தேழு புள்ளி நாலு. இறங்கி ஏறினேன், எழுபத்தெட்டு புள்ளி ஒன்று. படுக்கையறைக்குக் கொண்டுபோனால் எழுபத்தாறு. ஒரு அறையிலிருந்து இன்னொரு அறைக்கு நடந்ததில் இரண்டு கிலோ இளைக்க முடியும் என்றால் இந்த நாட்டில் யாருமே குண்டாக இருக்கமாட்டார்கள்.

சாயங்காலம் ரேணுகா கூப்பிட்டாள். "தராசு நல்லாருக்குதுங்களா நங்கை?" எங்கள் பக்கம் புருஷனின் அக்காவை நங்கை என்றுதான் கூப்பிடுவார்கள். அந்த வார்த்தையைக் கேட்டு வருஷக்கணக்காகிறது. அம்மா போனபிறகு அவர்கள் இங்கே வருவது நின்றது, பிறகு போனும் நின்றது. சண்டை ஒன்றும் இல்லை. சண்டை இருந்திருந்தால் பேசாமல் இருப்பதற்கு ஒரு காரணமாவது இருந்திருக்கும். "ரொம்ப நல்லாருக்குது" என்று சொன்னேன்.

ஆகஸ்ட் 21, புதன்

ஈரோட்டில் ஆஸ்பத்திரிச் சாமான் விற்கும் கடைக்குப் போனேன். கடைக்காரர் நான்கு தராசுகளை வரிசையாக வைத்து ஒவ்வொன்றிலும் அவரே ஏறிக் காட்டினார். நான்கும் நான்கு விதமாகச் சொன்னது. அவர் அசரவில்லை. "எதுலயும் ரெண்டு தடவ ஏறுங்க. ஒரே எண்ணு வந்தா வாங்குங்க. பொய் சொன்னாக்கூட எப்பவும் ஒரே பொய்யச் சொல்ற தராசுதான் நல்ல தராசு. கணக்கு வச்சுக்கலாம் பாருங்க."

இரும்பில் செய்த, முள் உள்ள தராசு ஒன்று இருந்தது. தூக்கவே கை வலித்தது. வட்டக் கண்ணாடிக்குள் கறுப்பு எண்கள், உச்சியில் பூஜ்யம். மூன்று தடவை ஏறினேன், மூன்று தடவையும் எழுபத்தெட்டரை. பின்பக்கம் ஒரு சின்னச் சக்கரம். "இதத் திருப்புனா முள்ளு பூஜ்யத்த விட்டு நகரும். தேவையில்லாம தொடாதீங்க" என்றார். அதையே வாங்கிக்கொண்டேன்.

ஆகஸ்ட் 25, ஞாயிறு

தராசு சரியா என்று பார்க்க ஒரு வழி கண்டுபிடித்தேன். புதிதாக வாங்கிய அரிசிச் சிப்பத்தைத் துரைசாமி ஸ்கூட்டரில் வைத்துச் சங்கத்து மேடைக்குக் கொண்டுபோய் நிறுத்தோம். சரியாக இருபத்தைந்து. வீட்டில் முள் தராசில் தூக்கி வைத்தேன், இருபத்தைந்து. கண்ணாடித் தராசில் இருபத்து மூன்று புள்ளி எட்டு. தீர்ப்பாகிவிட்டது. ரேணுகாவின் தராசை மறுபடி பெட்டியில் போட்டுப் பரணில் வைத்தேன். அவளிடம் சொல்லவில்லை.

பிறகு வீட்டுத் தரையைச் சோதித்தேன். சிவப்புச் சிமெண்டுத் தரை, பார்க்கச் சமமாக இருக்கிறது, தராசு எங்கே வைத்தாலும் ஒரு மூலை ஆடுகிறது. பீரோவுக்குப் பக்கத்தில் ஒரு இடத்தில் மட்டும் ஆடவில்லை. சாக்பீஸால் கோடு போட்டு வைத்தேன். காலையில் எழுந்து, வெளிக்குப் போய்விட்டு, காப்பி குடிப்பதற்கு முன், நைட்டியோடு, வளையல் கழற்றிவிட்டு ஏற வேண்டும். எடை எழுபத்தேழரை.

அரிசிச் சிப்பத்தை இப்போது யார் தின்பது என்பது வேறு கேள்வி.

செப்டம்பர் 3, செவ்வாய்

கொள்ளு ரசம், ராகிக் களி, அவித்த காய். அரிசிம்பருப்புச் சாதத்தின் வாசம் பக்கத்து வீட்டிலிருந்து வந்தது. ஜன்னலைச் சாத்தினேன்.

செப்டம்பர் 8, ஞாயிறு

எழுபத்தைந்தரை. எண்ணைப் போனில் அனுப்பின உடனே தம்பி வீட்டில் மூன்று பேரும் மாறி மாறிக் கூப்பிட்டார்கள். ரேணுகா, "சாமி கண்ணத் தொறந்திருச்சுங் நங்கை" என்று அழுதாள். தாரணி, "அத்தை, நீங்க செம" என்றாள். அவள் தினமும் எனக்கு ஒரு உடற்பயிற்சி சொல்லிக்கொடுக்கிறாள். நான் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்து எழுவதைப் போனில் பார்த்து, "முட்டி முன்னால போகுது, பின்னால, பின்னால" என்று விரட்டுகிறாள். நேரில் நான் கடைசியாகப் பார்த்தபோது அவளுக்குப் பால்பல் விழுந்துகொண்டிருந்தது. இப்போது கம்மல் மாற்றுவதற்கு என்னிடம் யோசனை கேட்கிறாள்.

பூபதி தினம் சாயங்காலம் ஆஸ்பத்திரியிலிருந்து கூப்பிடுகிறான். எடை பேசுகிற நேரம் கொஞ்சம்தான். வயிற்றில் தண்ணீர் எடுத்தது, எதிர்ப் படுக்கைக்காரர் குறட்டை, டிவியில் போகிற சீரியலில் மாமியார் செத்த மாதிரி நடிப்பது என்று எதையாவது சொல்கிறான். குரல் இளைத்திருக்கிறது. சிரிப்பு மட்டும் பழைய சிரிப்பு.

போனை முன்பெல்லாம் அலமாரியில் வைப்பேன். இப்போது சமையல் மேடையில் வைத்துக்கொள்கிறேன்.

செப்டம்பர் 19, வியாழன்

பரிசோதனைக்காக ஆஸ்பத்திரி போனேன். இரத்தம் எடுத்தார்கள். இந்த அறுவைகளுக்கு ஏற்பாடு செய்யும் பெண் பொறுமையாக விளக்கினாள். அறுத்த ஈரல் தானாகவே வளர்ந்துவிடுமாம். "மூணு மாசம் வெயிட் தூக்காதீங்கம்மா. அப்பறம் ஒண்ணுமே நடக்காத மாதிரி ஆயிடும். எல்லாம் பழையபடி இருக்கும்" என்றாள். நல்ல செய்திதான். பஸ்ஸில் வரும்போது ஏனோ மனசு சரியில்லை. வெயில்.

செப்டம்பர் 29, ஞாயிறு

எழுபத்திரண்டு. ரவிக்கைகளைப் பிடித்துத் தைத்தேன்.

அக்டோபர் 6, ஞாயிறு

எழுபத்தொன்று. ரேணுகாவின் சந்தோஷம் போனில் வழிந்தது. "இன்னும் ஒரே கிலோதானுங் நங்கை! அது முடிஞ்சா ஆபரேசன். அப்பறம் உங்கள நாங்க தொந்தரவே பண்ணமாட்டோம். இத்தன நாளா எப்பப் பாத்தாலும் போன் பண்ணி உசுர வாங்கிட்டோம்." தொந்தரவு ஒன்றுமில்லை என்றேன். அவள் வேறு ஏதோ அவசரத்தில் வைத்துவிட்டாள்.

இன்று வீட்டு வேலை ஒன்றும் ஓடவில்லை.

அக்டோபர் 11, வெள்ளி

ஆயுத பூஜை. காலையில் சங்கத்தில் பரிசோதனைக் குழாய்கள், கேன், மேடை எல்லாவற்றுக்கும் பொட்டு வைத்து, பொரி கடலை கொடுத்துவிட்டு வந்தேன். பிறகு என் வீட்டு ஆயுதங்கள்: ஸ்கூட்டர், மிக்ஸி, தையல் மிஷின், அரிவாள்மணை. தராசையும் இந்த வருஷம் சேர்த்தேன். இந்த வீட்டில் இப்போது அதிகம் உழைப்பது அதுதான். ஈரத்துணியால் முன்னும் பின்னும் அழுத்தித் துடைத்தேன். நெற்றி என்று எதைச் சொல்வது என்று பார்த்து, கண்ணாடியின் உச்சியில், பூஜ்யத்துக்கு நேர் மேலே, சந்தனம் வைத்துக் குங்குமம் வைத்தேன். கொஞ்சம் பெரிய பொட்டாகப் போய்விட்டது.

பூஜையில் வைத்ததை இன்று தொடக்கூடாது. எடை பார்க்கவில்லை.

அக்டோபர் 13, ஞாயிறு

எழுபத்து மூன்று.

ஏறி ஏறிப் பார்த்தேன், அதேதான். இரண்டு நாளும் கொண்டைக்கடலைச் சுண்டலும் பொரியும் தின்றது உண்மை. அதற்கு இவ்வளவா என்று தெரியவில்லை. ஒரே எண்ணைத்தான் காட்டுகிறது, ஆகவே தராசு நல்ல தராசு. யாரும் ஏறாதபோது முள் நிற்கும் இடத்தைப் பொட்டு மறைத்திருக்கிறது. நான் ஏறினதும் முள் எழுபத்து மூன்றுக்குப் போகிறது, அந்த இடத்தில் கண்ணாடி சுத்தமாகத்தான் இருக்கிறது. அது போதும்.

எண்ணை அனுப்பினதும் பதறிப்போய்விட்டார்கள். பூபதி இரண்டு தடவை கூப்பிட்டான். தாரணி புதுப் பயிற்சி அட்டவணை போட்டுக் கொடுத்தாள். ரேணுகா, "என்ன சாப்புட்டீங்க, சொல்லுங்க" என்று காலை, மதியம், இரவு எல்லாம் கேட்டாள். நேரம் போனதே தெரியவில்லை.

அக்டோபர் 17, வியாழன்

துரைசாமி கேட்டார், "என்னங்மா, பாதி ஆளாயிட்டீங்க? வேணுமின்னா மேடைல ஒருக்கா ஏறிப் பாருங்களேன். இப்ப மாராத்தா கூட இல்ல." வேலை கிடக்கிறது என்று சொல்லிவிட்டேன். கணக்கு எழுத வேண்டியிருந்தது.

அக்டோபர் 20, ஞாயிறு

எழுபத்திரண்டு. அனுப்பினேன்.

பொட்டு காய்ந்து ஓரம் வெடித்திருக்கிறது. விரலால் தட்டினால் உதிர்ந்துவிடும். குனிந்தேன், பிறகு விட்டுவிட்டேன். பூஜைப் பொட்டைத் துடைத்தெடுப்பது நல்லதில்லை, தானாகப் போகட்டும்.

சேலைக் கொசுவம் இடுப்பில் நிற்கமாட்டேன் என்கிறது. ஊக்கு குத்திக்கொள்கிறேன்.

அக்டோபர் 22, செவ்வாய்

பூபதி கூப்பிடவில்லை.

அக்டோபர் 23, புதன்

நானே கூப்பிட்டேன். நன்றாகத்தான் பேசினான், ஆனால் எடையைப் பற்றிக் கேட்கவே இல்லை. "நீ உடம்பப் பாத்துக்கக்கா" என்று வைத்துவிட்டான். உடம்பு முடியவில்லை போலிருக்கிறது.

அக்டோபர் 27, ஞாயிறு

எழுபத்தொன்றரை. அனுப்பினேன். இரண்டு நீலக் கோடு விழுந்தது, பார்த்துவிட்டார்கள். யாரும் கூப்பிடவில்லை. மதியம் வரை சமையலறையிலேயே இருந்தேன். பிறகு ரேணுகாவைக் கூப்பிட்டேன். "அவரு தூங்கறாருங் நங்கை. நீங்க ஒண்ணும் கஷ்டப்படாதீங்க" என்றாள். எதற்குக் கஷ்டப்பட வேண்டாம் என்கிறாள் என்று புரியவில்லை. தாரணி பயிற்சி அனுப்பவில்லை. பரீட்சையாக இருக்கும்.

வீடு ரொம்ப அமைதியாக இருக்கிறது. இதற்கு முன்பும் இப்படித்தான் இருந்தது. அப்போது எனக்குத் தெரியவில்லை.

அக்டோபர் 30, புதன்

ரேணுகாவும் தாரணியும் சொல்லாமல் வந்து நின்றார்கள். கையில் பலகாரப் பெட்டி, ஒரு பட்டுச் சேலை. தாரணி என்னைவிட உயரம். காப்பி போட்டேன். சர்க்கரை எவ்வளவு போடுவது என்று கூட எனக்குத் தெரியவில்லை, கேட்டுப் போட்டேன்.

ரேணுகா டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு குடிக்காமல் பேசினாள். "அவரு சொல்லச் சொன்னாருங் நங்கை. எடை அப்புடியே நிக்கறதப் பாத்துட்டு, அக்காவுக்கு மனசில்லயாட்ட இருக்குது, வாய் விட்டுச் சொல்ல முடியாம தவிக்கறா, இனிமே யாரும் போன் பண்ணி அவள நெருக்காதீங்கன்னுட்டாரு. நாங்க தப்பா நெனைக்கலீங். அறுக்கறதுன்னா யாருக்கும் பயந்தான். இறந்தவங்க தானம் பண்ற ஈரலுக்குப் பேரு பதிஞ்சு வச்சிருக்குது. கெடைச்சாப் பாக்கலாம்."

கிடைக்காது என்று அவளுக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

அப்போது உள்ளேயிருந்து தாரணியின் குரல். "அத்தை, இங்க வாங்களேன்." தராசில் ஏறி நின்றுகொண்டிருந்தாள். "ஸ்கூல்ல போன வாரந்தான் பாத்தாங்க, நாப்பத்திரண்டு. இது நாப்பத்தி நாலரைங்குது." இறங்கினாள். குனிந்து, நகத்தால் பொட்டைச் சுரண்டினாள். சந்தனம் பெயர்ந்து விழுந்தது. காலி தராசில் முள் இரண்டரையில் நின்றது.

ஆயுத பூஜைக்குத் துடைத்தபோது பின்பக்கச் சக்கரம் திரும்பியிருக்கிறது. எனக்கு ஒரே அதிர்ச்சியாக இருந்தது.

அவள் முள்ளைப் பார்த்தாள், ஊக்கு குத்திய என் இடுப்பைப் பார்த்தாள். அம்மாவுக்குக் கேட்காத குரலில், "பயமா அத்தை?" என்றாள்.

"ஆமா கண்ணு" என்றேன். அதைச் சொல்வது எளிதாக இருந்தது.

"பயந்தா வேண்டாம் அத்தை. நான் யாருகிட்டயும் சொல்லமாட்டேன்" என்று என் கையைப் பிடித்துவிட்டுப் போனாள். ஐந்து மணி பஸ்ஸில் கிளம்பிவிட்டார்கள்.

அக்டோபர் 31, வியாழன்

தீபாவளி. எண்ணெய் தேய்த்துக் குளித்தேன். சேலையைப் பிரிக்கவில்லை.

நவம்பர் 1, வெள்ளி

"அதிர்ச்சியாக இருந்தது" என்று முந்தாநாள் எழுதியிருக்கிறேன். பொய். எனக்குத் தெரியும். சக்கரம் திரும்பியது அன்று தெரியாது, ஆனால் பதிமூன்றாம் தேதி எழுபத்து மூன்று என்று வந்தபோதே தெரியும். சுண்டல் தின்று யாரும் இரண்டு கிலோ ஏறுவதில்லை. பொட்டைத் துடைத்துப் பார்க்க ஒரு நொடி ஆகாது. துடைக்கவில்லை. எழுபது வந்துவிட்டால் அறுவை, அறுவை முடிந்தால் எல்லாம் பழையபடி. அந்தப் பழையபடிக்குத்தான் நான் பயந்தேன், கத்திக்கு இல்லை.

நான்கு தராசு ஏறி இறங்கி, அரிசிச் சிப்பத்தைச் சுமந்து, உண்மை சொல்லும் தராசைத் தேடி எடுத்தேன். அதைப் பொய் சொல்ல வைத்ததும் நானே. அங்கே என் தம்பி மஞ்சள் கண்ணோடு, அக்காவுக்குக் கஷ்டம் கொடுக்கக் கூடாது என்று போனைத் தொடாமல் படுத்திருக்கிறான். என்ன ஜென்மம் நான்.

காலைப் பால் நேரத்தில் சங்கத்துக்குப் போனேன். வரிசையில் நின்ற அத்தனை பேரையும் ஒதுக்கிவிட்டு மேடையில் ஏறினேன். அறுபத்தெட்டு புள்ளி ஒன்பது. யாரும் சிரிக்கவில்லை. துரைசாமியிடம் சாவியைக் கொடுத்துவிட்டு அப்படியே பஸ் ஏறினேன்.

நவம்பர் 2, சனி

ஸ்கேன் முடிந்தது. கொழுப்பு கரைந்துவிட்டது. "ரெண்டு வாரம் முன்னாடியே வந்திருக்கலாமே. தம்பிக்கு நேத்துலிருந்து காய்ச்சல். வயித்துத் தண்ணில கிருமி. அது அடங்காம இப்ப அறுக்க முடியாது" என்றார் டாக்டர்.

தீவிர சிகிச்சைப் பிரிவுக்கு வெளியே ரேணுகா உட்கார்ந்திருந்தாள். என்னைப் பார்த்ததும் எழுந்து கையைப் பிடித்துக்கொண்டாள். அந்தக் கையை என்னால் தாங்க முடியவில்லை.

நவம்பர் 5, செவ்வாய்

காய்ச்சல்.

நவம்பர் 6, புதன்

காய்ச்சல். ரேணுகா கொண்டுவந்த இட்லியில் எனக்குப் பாதி. வேண்டாம் என்றால் கேட்பதில்லை.

நவம்பர் 9, சனி

காய்ச்சல் இறங்கிவிட்டது. கண் திறந்து பேசுகிறான். உள்ளே ஒருவரைத்தான் விட்டார்கள், ரேணுகா என்னைப் போகச் சொன்னாள்.

சொல்லிவிட்டேன். பொட்டு, சக்கரம், எல்லாம். "எடை வந்துட்டா நீங்க கூப்பிடறது நின்னுடும்னு இருந்துச்சு பூபதி" என்றேன். சொல்லும்போது எவ்வளவு சின்ன விஷயமாக இருக்கிறது.

அவன் கூரையைப் பார்த்தபடி சொன்னான். "நாங் கூப்புட்டா எடை கேக்கத்தான் கூப்பிடறன்னு நெனச்சுக்குவியேன்னு நிறுத்துனங்க்கா."

"அதுக்குத்தான கூப்புட்ட?"

"மொதல்ல அதுக்குத்தான்" என்றான். பொய் சொல்ல அவனுக்குத் தெம்பு இல்லை. "அப்பறம் பழகிப்போச்சு. அஞ்சு மணியானா கை தானாப் போனத் தேடுது."

வெளியே வந்து ரேணுகாவிடமும் சொன்னேன். அவள் கத்தவில்லை. கத்தியிருந்தால் பரவாயில்லை. "இவரு போயிருந்தா?" என்றாள். "கூப்புட ஆளில்லைன்னு ஒரு வார்த்த சொல்லியிருந்தா நாங்க கூப்புட்டிருக்கமாட்டமா நங்கை?"

அதைக் கேட்டு வாங்குவதா என்று எனக்குத் தோன்றியது. ஆனாலும் நான் கேட்கவில்லைதான். கேட்காமல், அவள் புருஷனின் உயிரைப் பிடித்து வைத்துக்கொண்டு வாங்கினேன்.

நவம்பர் 14, வியாழன்

ரேணுகா என்னோடு பேசுவதில்லை. இட்லிப் பொட்டலத்தை நாற்காலியில் வைத்துவிட்டுப் போகிறாள். அவள் கோபம் நியாயம், எழுதி வைக்கிறேன். தாரணி பள்ளி விட்டு வந்ததும் எங்கள் இரண்டு பேருக்கும் நடுவில் உட்கார்ந்து வீட்டுப்பாடம் செய்கிறாள். நான் பயந்தவள் இல்லை என்று அவளுக்கு இப்போது தெரியும். அதைவிட மோசமானது தெரிந்தும் அங்கேயே உட்காருகிறாள்.

நவம்பர் 19, செவ்வாய்

நாளைக் காலையில் அறுவை. மதியமே என்னை அட்மிட் செய்துவிட்டார்கள்.

நர்ஸ் வந்து, "உங்களுக்குக் கூட இருக்கறது யாரும்மா? உங்களுக்கு ஒரு ஆளு, அவருக்கு ஒரு ஆளு, தனித்தனியா வேணும். ஒருத்தரே ரெண்டு ரூமுக்கும் ஓடக்கூடாது" என்றாள். ரேணுகா அவனோடு இருப்பாள். ஊரில் யாரைக் கேட்கலாம் என்று யோசித்தேன். துரைசாமியின் சம்சாரத்தைக் கேட்கலாம், ஆனால் மாட்டை விட்டு எப்படி வருவாள். "யாரும் இல்லீங்க. சம்பளத்துக்கு ஆள் கெடைக்குமா?" என்று கேட்டேன்.

கதவோரத்தில் நின்ற ரேணுகா உள்ளே வந்தாள். "அவருக்கு எங்கண்ணன் இருப்பாரு. இவங்களுக்கு நான். ரேணுகான்னு எழுதிக்கங்க" என்றாள்.

"நீங்க அந்தப் பேஷண்டோட வைஃப்தானே?"

"ஆமாங். எழுதிக்கங்க."

நர்ஸ் போகிறபோது, உடம்பில் நகை எதுவும் இருக்கக் கூடாது, இப்போதே கழற்றிவிடுங்கள் என்று சொல்லிவிட்டுப் போனாள். வளையலைக் கழற்றிவிட்டேன். தோடு வரவில்லை. பல வருஷமாகக் கழற்றாத தோடு, திருகு இறுகிப்போய்விட்டது. இரண்டு கையையும் காதுக்குப் பின்னால் கொண்டுபோய்த் திணறிக்கொண்டிருந்தேன். ரேணுகா கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு பையிலிருந்து தேங்காய் எண்ணெயை எடுத்து விரலில் தொட்டுக்கொண்டு, என் பக்கத்தில் கட்டிலில் வந்து உட்கார்ந்து, என் முகத்தை ஜன்னல் வெளிச்சத்துக்குத் திருப்பினாள்.

"தலைய ஆட்டாதீங்க" என்றாள். பத்து நாளில் என்னிடம் பேசிய முதல் வார்த்தை. கோபமாகத்தான் சொன்னாள்.

காதுமடலைப் பிடித்துக்கொண்டு மெல்ல மெல்லத் திருகினாள். நான் ஆடாமல் உட்கார்ந்திருந்தேன். சீக்கிரம் கழன்றுவிடக் கூடாதே என்று இருந்தது.